சந்திக்கு ஒரு பொதுக் கட்டடம்: அரச தனியார் பங்குடைமை புளியங்குளத்துக்குப் பொருந்துமா?

(புளியங்குளத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே வருகிறவருக்கு ஓமந்தையைத் தாண்டிய பிறகு வருகிற முக்கியமான சந்தி இந்தப் புளியங்குளம். கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி, அதற்கப்பால் முல்லைத்தீவு. நேரே போனால் கனகராயன்குளம், மாங்குளம், கிளிநொச்சி. புகையிரத நிலையமும் இருக்கிறது. 1997இல் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கையின்போது மாதக்கணக்கில் சண்டை நடந்த இடம் என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2013 செப்ரெம்பரில் ஓமந்தைக்கு வடக்கே கிளிநொச்சி வரை ரயில் மீண்டும் ஓடியது. வீதி வந்தது, தண்டவாளம் வந்தது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நிற்க, பெண்கள் தயக்கமில்லாமல் போய்வர ஒரு மலசலகூடத்தோடு, விளைந்த மரக்கறியை நிழலில் வைத்து விற்க ஒரு நல்ல பொதுக் கட்டடம் இப்படியான சந்தி ஒவ்வொன்றிலும் வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

கட்டடம் வேண்டும் என்றவுடன் வருகிற பதில் எல்லோருக்கும் தெரியும். பிரதேச சபையிடம் காசில்லை. திறைசேரியிடமும் இல்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு இது. ஆகவே தனியாரைக் கூட்டிக்கொள்வோம், அவர்கள் கட்டட்டும், இருபது முப்பது வருடம் நடத்தட்டும், பிறகு எங்களிடம் தரட்டும் என்ற பேச்சு கொழும்பிலும் கேட்கிறது, கச்சேரிகளிலும் கேட்கிறது. அந்தப் பேச்சை இந்தச் சந்தியை வைத்துச் சோதித்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் கட்டடம் எவருடைய திட்டத்திலும் உள்ளதல்ல. கணக்குப் பார்ப்பதற்காக நானே எடுத்துக்கொண்டது.

முதலில், எங்கள் நாட்டில் இந்த முறை நன்றாக நடந்த இடத்தைப் பார்ப்போம். கொழும்புத் துறைமுகத்தின் எலிசபெத் மகாராணி இறங்குதுறையை 1999இல் தனியார் கூட்டு நிறுவனம் ஒன்று முப்பது வருடத்துக்கு எடுத்தது. பிறகு 2013இல் தெற்குத் துறைமுகத்தில் சீன நிறுவனம் ஒன்று 85 சதவீதமும் துறைமுக அதிகாரசபை 15 சதவீதமும் வைத்திருக்கிற முனையம் திறக்கப்பட்டது. அதற்கு 35 வருட ஒப்பந்தம். கப்பல் வந்தால் டொலர் வரும். டொலர் வந்தால் கடன் கட்டலாம். கட்டியவருக்கு இலாபமும் மிஞ்சும். நாட்டுக்கும் பங்கு கிடைக்கும். கணக்கு நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் துறைமுகம் சம்பாதிக்கிறது. நூலகமும், பஸ் நிலையமும், கிராமத்துச் சந்தையும், தாய்சேய் நிலையமும் சம்பாதிப்பதற்காகக் கட்டப்படுபவை அல்ல. துறைமுகத்தின் வெற்றியைக் காட்டி நூலகத்துக்கும் அதே முறையைச் சிபாரிசு செய்கிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சம்பாதிக்காத கட்டடத்தைத் தனியார் கட்டினால் அவருக்குக் காசு வரக்கூடிய வழி இரண்டுதான். ஒன்று, பயன்படுத்துகிற சனத்திடம் கட்டணமாகவும் வாடகையாகவும் வாங்குவது. மற்றது, அரசோ சபையோ ஒவ்வொரு வருடமும் அவருக்குக் கட்டுவது. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இரண்டையும் கலந்தவை. மூன்றாவது வழி என்று எவராவது சொன்னால், அது அநேகமாகக் காணியாக இருக்கும். கட்டடத்தோடு சேர்த்துப் பெறுமதியான நிலத்தை நீண்ட குத்தகைக்குக் கொடுப்பது. அதுவும் பொதுச்சொத்துத்தான்.

இப்போது கணக்கைப் போடுவோம். கையில் கைத்தொலைபேசி இருக்கிற பிள்ளைகள் என்னோடு சேர்ந்து தட்டிப் பாருங்கள்.

பத்துக் கோடி ரூபாவில் ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். கீழே பஸ் தரிப்பிடம், இருபது கடைகள், மலசலகூடம், மரக்கறிச் சந்தைக் கூடம். மேலே ஒரு வாசிகசாலை. இந்தப் பத்துக் கோடியை அரசு நூற்றுக்குப் பத்து வட்டியில் கடன்பட்டு இருபது வருடத்தில் சம தவணையாகக் கட்டினால், வருடத்துக்கு ஏறத்தாழ 1 கோடி 17 இலட்சம் போகும். தனியார் ஒருவர் அரசு வாங்குகிற வட்டிக்குக் கடன் வாங்க முடியாது. அவருடைய வங்கிக் கடனுக்கும் அவர் போடும் முதலுக்கு எதிர்பார்க்கும் இலாபத்துக்கும் சராசரியாக நூற்றுக்குப் பதினான்கு என்று மிதமாகவே வைப்போம். அவருக்கு வருடம் 1 கோடி 51 இலட்சம் வேண்டும். அதே கட்டடம், அதே கல்லும் சீமெந்தும். வருடத்துக்கு 34 இலட்சம் கூட. இருபது வருடத்துக்கு ஆறரைக் கோடிக்கு மேல். தனியாரிடம் கொடுப்பது நியாயம் என்று சொல்ல வேண்டுமானால், அவர் அரசைவிடச் சிக்கனமாகக் கட்டி, வேகமாக முடித்து, நன்றாகப் பராமரித்து அந்த 34 இலட்சத்தையும் மிச்சம் பிடித்துக் காட்ட வேண்டும். சில இடங்களில் பிடிக்கிறார்கள். அரச வேலைகள் வருடக்கணக்கில் இழுபடுவதையும் பராமரிப்பில்லாமல் பாழாவதையும் நாங்கள் காணாதவர்கள் அல்ல. ஆனால் அதை முன்கூட்டியே நம்பிவிட முடியாது. காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வருமானத்துக்கு வருவோம். இருபது கடை, மாதம் பத்தாயிரம் வாடகை, வருடம் 24 இலட்சம். ஒரு நாளைக்கு நூறு பஸ் உள்ளே வந்து ஐம்பது ரூபா கட்டினால் வருடம் 18 இலட்சம். முந்நூறு பேர் மலசலகூடத்துக்கு இருபது ரூபா கொடுத்தால் 22 இலட்சம். எல்லாம் சேர்த்து 64 இலட்சம். செலவைப் பாருங்கள். காவலுக்கும் துப்பரவுக்கும் ஐந்து பேர், ஆளுக்கு மாதம் நாற்பதாயிரம் என்றால் 24 இலட்சம். மின்சாரம், தண்ணீர் 10 இலட்சம். வவுனியாப் பக்கத்து நிலத்தடி நீரின் கடினம் உங்களுக்குத் தெரியும், குழாய் அடிக்கடி மாற்ற வேண்டி வரும். திருத்த வேலைக்குக் கட்டடப் பெறுமதியில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 20 இலட்சம். மொத்தம் 54 இலட்சம். மிஞ்சுவது பத்து இலட்சம்.

இந்த எண்கள் என் அனுமானங்கள். கூட்டியும் குறைத்தும் பாருங்கள். நான் நூறு பஸ் என்று சொன்னது தாராளம் என்று சிலர் சொல்லலாம், வாடகை குறைவு என்று வேறு சிலர் சொல்லலாம். ஆனால் படம் மாறாது. கட்டடம் தன்னுடைய அன்றாடச் செலவைத் தானே தாங்கிக்கொள்ளும். கட்டிய காசை அதனால் திருப்பித்தர முடியாது. தனியாருக்கு வேண்டியது 1 கோடி 51 இலட்சம், கையில் உள்ளது 10 இலட்சம். மிச்சத்தை வாடகையால் மட்டும் எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கடையின் மாத வாடகையையும் பத்தாயிரத்திலிருந்து எழுபதாயிரத்துக்கு அண்மையாக உயர்த்த வேண்டும். புளியங்குளத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற ஒருவர் அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு என்ன கொண்டுபோவார்? ஆகவே வருடந்தோறும் 1 கோடி 41 இலட்சத்தைச் சபை கட்ட வேண்டும், இருபது வருடத்துக்கு. சபையிடம் அந்தக் காசு இருந்திருந்தால் தனியாரைத் தேடியிருக்கவே வேண்டாம்.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அந்தப் பதினான்கு இருபது ஆனால், 1 கோடி 51 இலட்சம் 2 கோடி 5 இலட்சமாகும். அந்த இடரை யார் சுமப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், நீதிமன்றத்தில்தான் எழுதப்படும்.

இந்த வழியில் எங்களுக்கு முன்னே போனவர்கள் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் 1992இல் தொடங்கிய தனியார் நிதி முயற்சியின் கீழ் பாடசாலைகள், வைத்தியசாலைகள், சிறைச்சாலைகள் என்று கட்டிக்கொண்டே போனார்கள். 2018 ஜனவரியில் அந்த நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில், 700க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் நடப்பில் இருப்பதாகவும், அவற்றின் மூலதனப் பெறுமதி ஏறத்தாழ 60 பில்லியன் பவுண் என்றும், இனிக் கட்டவேண்டிய தவணைகள் மட்டும் 199 பில்லியன் பவுண் என்றும் கண்டார்கள். தவணையில் பராமரிப்பும் சேவையும் அடங்கும் என்பதால் இரண்டு எண்களையும் நேரே ஒப்பிடுவது சரியல்ல. ஆனாலும் அந்தச் சுமை 2040கள் வரை நீள்கிறது. அதே மாதம் இத்தகைய பல ஒப்பந்தங்களை எடுத்திருந்த கரிலியன் என்ற பெருநிறுவனம் வீழ்ந்தது. லிவர்பூலிலும் பேர்மிங்காமுக்கு அருகிலும் அரைகுறையாய் இரண்டு வைத்தியசாலைகள் நின்றன. 2018 ஒக்ரோபரில் அந்த நாட்டு நிதியமைச்சர் இனிமேல் புதிய ஒப்பந்தம் இல்லை என்று அறிவித்தார்.

லிவர்பூல் நகரின் ஸ்பீக் பகுதியில் இருந்த பார்க்லண்ட்ஸ் பாடசாலையின் கதையை நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்து 2014இல் பாடசாலை மூடப்பட்டது. ஒப்பந்தம் மூடப்படவில்லை. பிள்ளைகள் இல்லாத கட்டடத்துக்கு நகரசபை வருடாவருடம் மில்லியன் கணக்கான பவுணைக் கட்டிக்கொண்டே இருந்தது. வன்னியில் பிள்ளைகள் தொகை குறைகிற பாடசாலைகளும், இளையோர் வெளியே போகிற கிராமங்களும் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். இருபது வருடத்துக்குக் கைநீட்டிக் கையெழுத்து வைக்கிறவர்கள், இருபது வருடம் கழித்து இந்தச் சந்தியில் யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

எடின்பரோவில் நடந்தது வேறு விதம். 2016 ஜனவரியில் புயல் காற்றுக்கு ஒக்ஸ்காங்ஸ் ஆரம்பப் பாடசாலையின் சுவர் சரிந்தது. தொன்கணக்கான செங்கல். அதிகாலையில் விழுந்ததால் பிள்ளைகள் தப்பினார்கள். அந்த ஏப்ரலில் அதே ஒப்பந்தத்தின் கீழ் கட்டிய 17 பாடசாலைகளையும் மூடினார்கள். சுவரைக் கட்டடத்தோடு பிணைக்கிற இரும்புக் கொளுக்கிகள் போதிய அளவு உள்ளே போகவில்லை. விசாரணை அறிக்கை நிதி முறையை நேரடியாகக் குற்றம் சொல்லவில்லை. வேலை நடக்கும்போது பொதுத்தரப்பில் நின்று பார்த்த கண்கள் போதாது என்றது. கட்டுகிறவரே பராமரிக்கவும் போகிறார், ஆகவே நன்றாகத்தான் கட்டுவார் என்று மேற்பார்வையைக் கைவிட்டிருந்தார்கள். எங்களுடைய சபையில் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் எத்தனை வேலைத்தளங்களைப் பார்க்கிறார் என்று யோசியுங்கள்.

இதற்கெல்லாம் சீமைக்குப் போகத் தேவையில்லை, வவுனியாவே பாடம் சொல்லும். 2016இல் வவுனியா மாவட்டத்துக்கு விசேட பொருளாதார மத்திய நிலையம் ஒன்று வந்தது. விளைபொருளை மொத்தமாக வாங்கி விற்கிற இடம். வன்னி விவசாயிக்கு மிகவும் தேவையானது. ஆனால் மாதக்கணக்கில் நடந்த விவாதம் என்ன? ஓமந்தையா, தாண்டிக்குளமா என்பது. அப்போதைய வட மாகாண முதலமைச்சர் விக்னேஸ்வரன் முதல் மத்திய அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரை அணி பிரிந்து நின்றார்கள். முடிவில் இரண்டும் இல்லாமல் மதவுவைத்தகுளத்தில் கோடிக்கணக்கான ரூபா செலவில் கட்டினார்கள். கட்டி முடிந்த பிறகு கடைகளை யாருக்குக் கொடுப்பது, யார் நடத்துவது என்ற இழுபறியில் அது வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. இது தனியார் பங்குடைமை அல்ல, முழுக்க அரச காசு. ஆனால் சாத்தியவள ஆய்வு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. எங்கே கட்டுவது என்று அத்தனை நாள் பேசியவர்கள், அங்கே யார் வந்து வாங்குவார்கள், இப்போது வவுனியா நகரில் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் எந்த நிபந்தனையில் அங்கே மாறுவார்கள் என்பதை முதலில் முடிவுகட்டியிருக்க வேண்டும். வவுனியாப் புதிய பஸ் நிலையத்திலும் அதே குறைதான். இ.போ.ச. பஸ்களும் தனியார் பஸ்களும் ஒரே இடத்தில் எப்படி நேரம் பிரித்து ஓடுவது என்ற உடன்பாடு வருமுன் கட்டடம் வந்தது. திறந்த பிறகு தகராறு.

யாழ்ப்பாணத்தில் இந்தியாவின் நன்கொடையில் எழுந்த கலாசார மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு மாடி, அறுநூறு பேர் அமரும் மண்டபம். 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளித்தார்கள். இப்போது திருவள்ளுவர் பெயரில் இருக்கிறது. அழகான கட்டடம், நான் மெச்சுகிறேன். ஆனால் அது எழும்பிக்கொண்டிருந்த நாளிலேயே, இதன் மின்சாரக் கட்டணத்தையும் பராமரிப்பையும் மாநகரசபை தாங்குமா, மத்திய அரசு எடுத்து நடத்துமா என்ற கேள்வி எழுந்தது. கட்டடம் இலவசமாகக் கிடைத்தாலும் வருடச் செலவு இலவசமாகக் கிடைப்பதில்லை.

இனி இந்தச் சந்தியின் கேள்வி பற்றிப் பேச வேண்டும். கேள்வி என்றால் எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு செலவழிப்பார்கள் என்பது. ஏ-9இல் ஆயிரக்கணக்கான வாகனம் போகிறதே, ஒரு பங்கு நின்றால் போதாதா என்று கேட்பார்கள். நில்லாது. கொழும்பு - யாழ்ப்பாணம் ஓடுகிற வாகனத்துக்கு முறிகண்டி இருக்கிறது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால்முகம் கழுவித்தான் வண்டி நகரும். அது தலைமுறைப் பழக்கம். அதைக் கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடத்தால் மாற்ற முடியாது. ஆகவே புளியங்குளத்தின் உண்மையான வாடிக்கையாளர் வீதியால் பறந்து போகிறவர் அல்ல. நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பஸ் மாறுகிறவர், பாடசாலைப் பிள்ளை, கிளினிக்குக்கு வவுனியா போகிற முதியவர், உழுந்தும் கத்தரிக்காயும் கொண்டுவருகிற அம்மா. அவர்களை எண்ண வேண்டும். வற்றாப்பளைப் பொங்கல் நாளில் எண்ணிவிட்டு முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கக்கூடாது. மார்கழி மழையில் ஒரு நாள், அறுவடை நேரத்தில் ஒரு நாள், பாடசாலை விடுமுறையில் ஒரு நாள், சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒரு நாள் என்று வருடம் முழுக்க எண்ண வேண்டும். இதற்குக் கொழும்பு ஆலோசகருக்குக் காசு கொட்டத் தேவையில்லை. பம்பைமடுவில் 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இரண்டு இடத்து மாணவர்களையும் ஒரு வருடம் இந்தச் சந்தியில் எண்ண விடுங்கள். அவர்களுக்கு அது ஆய்வு, சபைக்கு அது ஆதாரம்.

காணி அடுத்தது. வங்கி கடன் கொடுக்கும் முன் உறுதியைக் கேட்கும். வன்னியில் உறுதிக் காணி எவ்வளவு, அனுமதிப்பத்திரக் காணி எவ்வளவு, போருக்குப் பிறகு வன இலாகாவின் எல்லைக்கல்லுக்குள் போனது எவ்வளவு என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்த வேதனை. சந்தியிலேயே வீதி ஒதுக்கம் வீதி அபிவிருத்தி அதிகாரசபையினுடையது, தண்டவாளப் பக்கம் புகையிரதத் திணைக்களத்தினுடையது, மிச்சத்தில் அரச காணி எது, சபைக் காணி எது என்று பிரித்துக் காட்டுகிற தெளிவான நிலஅளவைப் படம் கையில் இல்லாமல் கேள்விப்பத்திரம் கோரினால், நல்ல நிறுவனம் வராது. வருகிறவர் அந்தக் குழப்பத்தையும் விலையில் ஏற்றிக்கொண்டு வருவார்.

ஒப்பந்தத்தில் மறுபக்கம் கையெழுத்திடப் போகிறவர் யார் என்பதும் பெரிய கேள்வி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் தெரிவாகும் சபைக்கு ஆயுள் நான்கு வருடம். ஒப்பந்தம் இருபது, முப்பது வருடம். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்தபின் 2025 மே மாதத் தேர்தல் வரை தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லாமல் செயலாளர்களே நடத்தினார்கள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதன்பிறகு தேர்தலே இல்லை. தனியார் நிறுவனத்துக்கு வழக்கறிஞரும் கணக்காளரும் இருபது வருடமும் இருப்பார்கள். எங்கள் பக்கத்தில் கோப்பை நினைவில் வைத்திருக்க ஆள் இருக்கிறாரா? இதில் எனக்கு உண்மையான பயம் இருக்கிறது. இந்த ஒப்பந்தங்களில் பொதுத்தரப்பு தோற்பது பெரும்பாலும் கையெழுத்து வைக்கும் நாளில் அல்ல, ஏழாவது, எட்டாவது வருடத்தில், ஒரு சிறு திருத்தம் என்று கடிதம் வரும்போது, பழைய நிபந்தனையைத் தெரிந்தவர் ஒருவரும் அலுவலகத்தில் இல்லாத நாளில்.

இந்தியா எங்களைவிடப் பெரிய சந்தை. அங்கேயும் சமூகக் கட்டடங்கள் தங்கள் காலில் நில்லா என்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2006இல் தொடங்கிய இடைவெளி நிதித் திட்டத்தில் செலவில் 40 சதவீதம் வரை அரசுத் தரப்பு கொடுக்கலாம் என்றார்கள். 2020இல் குடிநீர், கழிவு, சுகாதாரம், கல்விக்கு அதை 60 ஆக்கினார்கள். சுகாதாரத்திலும் கல்வியிலும் முன்னோடித் திட்டங்களுக்கு 80 சதவீதம் வரை. நூற்றில் எண்பதை அரசே போட வேண்டும் என்றால், தனியார் கொண்டுவருவது முதலீட்டை அல்ல, நடத்துகிற திறமையை. சென்னையில் 2023 டிசம்பர் 30ஆம் திகதி திறந்த கிளாம்பாக்கம் பஸ் முனையத்தை அந்த நகரின் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அரச காசில் கட்டி, நடத்துவதையும் பராமரிப்பதையும் மட்டும் தனியாரிடம் ஒப்படைத்தது. நகரின் வெளியோரத்தில், ரயில் நிலையம் தயாராகுமுன் திறந்ததால் சனம் பட்ட பாடு வேறு கதை. ஆனால் பொறுப்பைப் பிரித்த விதம் எங்களுக்குப் பயன்படும்.

என் கணக்கும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. கட்டுவதற்குத் தனியார் கடன், அதை இருபது வருடம் சபை கட்டுவது என்ற முறை புளியங்குளத்துக்குச் சாத்தியமில்லை. அதை நான் தயக்கமில்லாமல் சொல்கிறேன். கொழும்புக் கோட்டையில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையைத் திருத்தி 2011இல் உணவகங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள், அங்கே உலக வர்த்தக மையத்தின் நிழலில் அது ஓடும். வவுனியா நகரில், யாழ்ப்பாணத்தில் சில இடங்களில் ஓடலாம். இங்கே ஓடாது. ஆனால் அரசு அல்லது நன்கொடையாளர் கட்டித்தந்த கட்டடத்தை நடத்துவது சாத்தியம். 64க்கு 54 என்று நாங்கள் கண்டோம். மூன்று அல்லது ஐந்து வருடக் குத்தகை, புதுப்பிக்கும் நிபந்தனையோடு. அதைக் கொழும்பு நிறுவனத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமோ, இந்தச் சந்தி வர்த்தகர்கள் சேர்ந்து பதிவுசெய்த சங்கமோ கேள்விப்பத்திரம் போட இடம் இருக்க வேண்டும். கட்டடத்தையும் பத்துக் கோடிக்கு ஒரே மூச்சில் எழுப்பாமல், முதலில் நிழல்கூரையும் மலசலகூடமும் பத்துக் கடையும், எண்ணிக்கை ஏறினால் அடுத்த கட்டம் என்று போகலாம்.

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஏ-9 சந்திகளின் சிறு கட்டடங்களை ஒரே கட்டாகச் சேர்த்து ஒருவரிடம் நடத்தக் கொடுத்தால் செலவு குறையும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். குறையும். ஆனால் மாங்குளம் முல்லைத்தீவு மாவட்டம், இது வவுனியா. பல சபைகளை ஒரு மேசைக்குக் கொண்டுவரும் வேலை மாகாண சபையினுடையது. அது இல்லாத வெறுமை இப்படித்தான் ஒரு மலசலகூடத்தின் வாசல் வரை வந்து நிற்கிறது.

குத்தகையில் எழுதவேண்டியதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. இன்றைக்கு நிலத்தில் சாக்கு விரித்து மரக்கறி விற்கிறவர்களின் இடம். புதுக் கட்டடம் வந்த பல ஊர்களில் முதலில் காணாமல் போனவர்கள் அவர்கள்தான். கடை வாடகை கட்ட முடியாது, வாசலில் இருக்கக்கூடாது என்று காவல்காரர் எழுப்புவார். கூடத்தில் இத்தனை சதுர அடி நாள் வாடகைக்கு, அந்த வாடகையைச் சபையின் அனுமதியில்லாமல் கூட்டக்கூடாது, பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மலசலகூடம் இலவசம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றால் வருமானம் குறையும். குறைவதைச் சபை ஈடுசெய்ய வேண்டும். பொதுக் கட்டடத்துக்குப் பொதுப்பணம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த உருவத்தில் ஒரு திட்டம் இந்தச் சந்திக்கு வந்தாலும், கையெழுத்துக்கு முன் அதைப் பார்க்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டத்தையும் ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டத்தையும் தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன் பொறுப்பான அமைச்சர் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவித்தல் வராவிட்டால் நீங்களே கேளுங்கள். சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் ஒரு கடிதம் போதும், பதினான்கு வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் சொல்ல வேண்டும். சாத்தியவள அறிக்கையைத் தமிழில் கேளுங்கள். வருடத்துக்கு எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, யார் கட்டுவது என்ற மூன்றும் எழுதிய பக்கத்தைக் கேளுங்கள். அந்தப் பக்கம் இல்லாத அறிக்கைக்குச் சபையில் கைதூக்க வேண்டாம் என்று இங்கே இருக்கிற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.